மூன்றில் ஒரு பங்குப் புருஷன்

வைரவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதில் அவனுடைய ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கடைசிப் பந்தியில் ரசம் தீர்ந்துபோனதை இன்னமும் சொல்லிக் காட்டுகிற சொந்தக்காரர்கள்கூட, கல்யாணம் நடந்தது என்பதை ஒப்புக்கொள்வார்கள். சந்தேகம் முதன்முதலாக வந்தது ஒரு குளிர் தேசத்து அரசாங்கத்துக்குத்தான்.

அந்த தேசத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நம்மில் பலருக்கு அங்கே விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது.

அங்கே நர்சுகளுக்குப் பஞ்சம். சிவகங்கைப் பக்கத்தில் படித்துவிட்டு மதுரையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சங்கீதாவை அவர்கள் பரீட்சை வைத்து, விமானத்தில் ஏற்றி, கம்பளிக்கோட்டு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். நிரந்தரமாகத் தங்கிக்கொள்ளம்மா என்று முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். ஊசி போடுகிற கை அவர்களுக்கு உடனே வேண்டியிருந்தது. அந்தக் கையைப் பிடித்த புருஷன் வேண்டுமா என்பதைத்தான் இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

புருஷன் அரபு நாட்டில், ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளைப் பிரிவில் இருந்தான். எட்டுப் பேர் கொண்ட கேம்ப் ரூம். கல்யாணத்துக்குக் கிடைத்த லீவும் அடுத்த வருஷம் கிடைத்த லீவும் சேர்ந்ததுதான் அவனும் சங்கீதாவும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம். இந்த நிலையில் இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், அபுதாபியில் இருக்கும் அந்த தேசத்தின் குடும்ப ஒன்றிணைப்புப் பிரிவிலிருந்து அவனை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். திருமணம் உண்மையானதா என்று விசாரித்துத் திருப்தி அடைந்தால் விசா. திருப்தி அடையாவிட்டால் ஐந்து வருஷத்துக்கு மறுபடி கேட்கக்கூடாது.

அதைப் படித்துச் சொன்னவர் பக்கத்துக் கட்டில் பாஸ்கர். கடலூர்க்காரர். வெவ்வேறு தேசங்களால் நான்கு முறை நிராகரிக்கப்பட்டவர். ஆகவே கேம்ப்பில் விசா விஷயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"வைரவா, அவனுங்களுக்கு லவ்வு வேணும். கல்யாணம்லாம் அப்புறம்" என்றார் பாஸ்கர். "ஃபோட்டோவுல கட்டிப் புடிச்சுக்கினு இருக்கியா?"

"கல்யாண ஃபோட்டோவுலயா? எங்க மாமா வெட்டிப்புடுவாரு."

"சரி. பொண்டாட்டியாண்ட ஐ லவ் யூ சொல்லியிருக்கியா?"

வைரவன் கதவைப் பார்த்தான். யாரும் கேட்டுவிடவில்லை. "அதெல்லாம் எதுக்குண்ணே?" என்றான், காது சிவக்க.

பாஸ்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு வாரம் டூட்டி முடிந்து வந்ததும் வகுப்பு நடந்தது. வைரவன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, 'ஐ லவ் யூ டார்லிங்' என்று சொல்ல வேண்டும். காலண்டரில் இருந்தவர் பிள்ளையார். அவனுக்கு என்னவோ போல இருந்தது. ஆனாலும் கடைசி நாளில், மூச்சு விடாமல் சொன்னால் தடுமாறாமல் சொல்லிவிடலாம் என்று கண்டுபிடித்தான்.

குடும்ப ஒன்றிணைப்புப் பிரிவின் வாசலில் முதலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு ஷூவை. பிறகு அரைஞாண்கயிறு மெட்டல் டிடெக்டரில் கூவியதால், அதில் கோத்திருந்த வெள்ளித் தாயத்தையும் காட்டச் சொன்னார்கள். பேண்ட்டை ஒரு கையாலும் சட்டையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, கல்யாண ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி, ஓட்டை விழுந்த சாக்ஸோடு அவன் உள்ளே போனான். நேர்மையானவர்களுக்கு இங்கே பயமில்லை என்று ஏழு மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தது. தமிழ் வரியைத் தலைகீழாக ஒட்டியிருந்தார்கள்.

காத்திருக்கும் கூடத்தில் பெரிய டி.வி. அதில் பனிக்குள்ளிருந்து ஒரு குடும்பம் ஓடிவந்து இன்னொரு குடும்பத்தைக் கட்டிக்கொண்டது. மறுபடி ஓடிவந்தது. மறுபடி கட்டிக்கொண்டது. வைரவனுக்கு முன்னால் ஒரு ஜோடி உள்ளே போனது. அந்தப் பெண்ணும் பையனும் ஒட்டகத்தின் மேல், படகின் மேல், மணல்மேட்டின் மேல் முத்தமிட்டுக்கொண்ட படங்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். டீ ஆறுகிற நேரத்துக்குள் பாஸாகிச் சிரித்தபடி வெளியே வந்தார்கள். வாசல் கண்ணாடி வழியாக வைரவன் பார்த்தான். கை குலுக்கிக்கொண்டு ஆளுக்கொரு டாக்ஸியில் ஏறிப் போய்விட்டார்கள்.

பிறகு அவன் முறை வந்தது.

அறையில் அதிகாரி பெல்ட்டன் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, ரோஜா நிறக் காதுகள், மிகவும் மரியாதையான மனிதர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஜெயலட்சுமி. அபுதாபியில் கணவர் என்ஜினீயர், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு இங்கே பகுதிநேர வேலை. மேஜையின் நடுவில் ஒரு ஸ்பீக்கர் போன். படித்த குடும்பத்துப் பெண்மணி ஒருத்தர் முன்னால் தன் பெண்டாட்டியைப் பற்றிப் பேசவேண்டும் என்பது வைரவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓட்டை சாக்ஸை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"பயப்பட வேண்டாம்" என்று பெல்ட்டன் சொன்னதை ஜெயலட்சுமி அச்சுத் தமிழில் சொன்னார். "எங்கள் தேசம் குடும்பத்தை உயிராக மதிக்கிறது. அதனால்தான் ஒரு குடும்பம் ஒன்றுசேர்வதை நாங்கள் எளிதில் அனுமதிப்பதில்லை. உண்மையான திருமணம் எதையும் நாங்கள் இதுவரை நிராகரித்தது கிடையாது. நாங்கள் நிராகரித்தவை எல்லாம் பொய்யானவை. நிராகரித்திருக்கிறோம் என்பதே அதற்குச் சான்று."

வைரவன் தலையாட்டினான்.

"எனக்குத் திருமணத்தைப் பற்றித் தெரியும். எனக்கே மூன்று நடந்தன. மூன்றும் உண்மையானவை. விவாகரத்து உத்தரவுகள் இருக்கின்றன."

"சரிங்க சார்."

"நீங்களும் உங்கள் மனைவியும் ஏன் ஒன்றாக வாழவில்லை?"

"விசா இல்லைங்க சார்."

"ஒன்றாக வாழாத தம்பதிக்கு எப்படி விசா கொடுப்பது? ஒன்றாக வாழ்ந்துவிட்டு வந்திருக்கலாமே?"

"அதுக்குத்தேன் சார் விசா கேட்டு வந்துருக்கேன்."

பெல்ட்டன் இதை ஒரு முரண்பாடாகக் குறித்துக்கொண்டார்.

"உங்கள் மனைவியை முதன்முதலாக எப்போது சந்தித்தீர்கள்?"

இதற்கு பாஸ்கர் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். பஸ் ஸ்டாண்டு, மழை, ஒரே குடை. ஆனால் ஜெயலட்சுமியின் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்ததும் வைரவனுக்குப் பொய் வரவில்லை. "அது பொறந்த அன்னைக்குச் சார். தாய்மாமன் மகள். எனக்கு ஆறு வயசு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனாக."

"அப்போது உங்கள் மனத்தில் என்ன உணர்வு ஏற்பட்டது?"

"ஒண்ணும் ஏற்படலைங்க. அழுதுக்கிட்டே இருந்துச்சு."

உறவு கண்ணீரில் தொடங்கியது என்று எழுதப்பட்டது.

"திருமணத்துக்கு நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்? மண்டியிட்டா?"

"நான் எங்க சார் கேட்டேன்? மாமாதேன் வந்து எங்க அப்பாவக் கேட்டாரு."

"உங்கள் அப்பா சம்மதித்தாரா?"

"சம்மதிச்சாருங்க."

பெல்ட்டன் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஆல்பத்தைப் பிரித்தார். அந்த ஆல்பத்தில் முந்நூறு படங்கள் இருந்தன. இருநூற்றெழுபதில் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் சங்கீதா குனிந்திருந்தாள். வைரவன் போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த படம் மாதிரி விறைப்பாக இருந்தான். அன்றைக்கு உள்ளுக்குள் எத்தனை சந்தோஷமாக இருந்தான் என்பது அவனுக்குத் தெரியும். முகத்துக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

ஒரு படத்தில் பெல்ட்டனின் விரல் நின்றது. "திருமணம் நிறைவேறும் கணம் இதுதானா?"

"ஆமாங்க. தாலி கட்டுறது."

"கட்டுகிற இந்தப் பெண் யார்?"

வைரவன் எட்டிப் பார்த்தான். சங்கீதாவின் பின்னால் நின்று, அவள் பிடரியில் இரண்டு கைகளையும் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள் ஜோதிமணி. "எங்கக்காங்க" என்றான். "மொத முடிச்சு மாப்பிள்ளை போடணும். மத்த ரெண்டும் நாத்தனா போடணும். முறை அது."

"நீங்கள் முதல் முடிச்சுப் போடும் படம் எங்கே?"

இல்லை. கெட்டிமேளம் கொட்டிய நேரத்தில் முந்நூறு பேர் அட்சதை போட்டார்கள். அந்தக் கணத்தின் படத்தில் ஒரு சித்தப்பாவின் முழங்கைதான் தெளிவாக இருந்தது. வீடியோவில் இருக்குமே என்று வைரவன் சி.டி.யை எடுத்துக் கொடுத்தான். போட்டுப் பார்த்தார்கள். கெட்டிமேளம் ஆரம்பித்ததும் சிவகங்கை வீடியோகாரர் தன் கைத்திறமையைக் காட்டியிருந்தார். ஒரு பெரிய இதயம் சுழன்று வந்தது. அதற்குள் நயாகரா விழுந்தது. நயாகரா வடிந்து முடிந்தபோது ஜோதிமணி மூன்றாவது முடிச்சில் இருந்தாள்.

பெல்ட்டன் ஒரு தாளில் கணக்குப் போட்டார். "மூன்று முடிச்சு. உங்களுடையது என்று நீங்கள் சொல்லுவது ஒன்று, அதற்கும் சான்று இல்லை. மூன்றாம் நபர் போட்டது இரண்டு. உங்கள் சொல்லை அப்படியே ஏற்றாலும் நீங்கள் மூன்றில் ஒரு பங்குதான் கணவர். எங்கள் விதியில் பங்குக் கணவருக்கு இடமில்லை."

"முறை சார் அது. எல்லாரும் அப்பிடித்தேன். அம்மாவக் கேட்டுப் பாருங்க" என்று வைரவன் ஜெயலட்சுமியைக் காட்டினான்.

பெல்ட்டன் நியாயமானவர். கேட்டார். ஜெயலட்சுமியின் கழுத்தில் துப்பட்டாவுக்குள் மூன்று முடிச்சுதான் இருந்தது. இரண்டு அவர் நாத்தனார் போட்டவை. அந்த நாத்தனார் இப்போதும் மாதம் ஒருமுறை போன் செய்து அதை ஞாபகப்படுத்துகிறவர். ஜெயலட்சுமி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்த அபிப்பிராயம் கூடாது என்று விதி இருக்கிறது, சார்."

"சரியாகச் சொன்னீர்கள்" என்று பெல்ட்டன் பாராட்டினார். பிறகு வைரவன் பக்கம் திரும்பி, "இந்தத் திருமணத்துக்கு யாராவது ஆட்சேபம் தெரிவித்தார்களா?" என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வைரவன் உண்மையைச் சொன்னான். ஜோதிமணியைக் கட்டியவன் ஒரே வருஷத்தில் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டான். வாழாவெட்டி என்று ஊர் பேர் வைத்துவிட்டது. மணவறையில் தாலியை எடுத்துக் கொடுத்த பிறகு, சங்கீதாவின் அம்மா பஞ்சவர்ணம் அத்தைதான் ஆரம்பித்தாள். வாழாதவள் கை என் மகள் கழுத்தில் படவேண்டாம், வேறு யாராவது நாத்தனார் முறைக்காரி வந்து முடியட்டும் என்றாள். ஜோதிமணி கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வைரவன் தாலியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து நின்றான். எங்கக்கா முடிஞ்சா தாலி, இல்லாட்டி இல்லை என்றான். அதுவரை அவன் ஒருத்தர் முன்னாலும் குரலை உயர்த்திப் பேசியது கிடையாது. மாமா சமாதானம் செய்து ஜோதிமணியைக் கூப்பிட்டு வந்தார். அந்த ஆத்திரத்தில்தான் அவள் அந்தப் படத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

வைரவன் தன் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய காரியம் அது. சொல்லி முடித்தபோது அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெல்ட்டனுக்கும் திருப்தியாக இருந்தது. "ஆக, சர்ச்சைக்கு உள்ளான திருமணம்" என்று எழுதிக்கொண்டார்.

"ஆனாலும் நான் இதயம் உள்ளவன். அன்பு கரைபுரண்டு ஓடினால் முடிச்சுகளைப் பற்றி யோசிக்கலாம். உங்கள் மனைவியைக் கூப்பிடுவோம். அவரிடம் வழக்கமாகப் பேசுவது போலப் பேசுங்கள்."

சங்கீதா நைட் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இன்னார் பேசுகிறோம், இப்போது உங்கள் கணவர் பேசுவார் என்று பெல்ட்டன் சொன்னார். வைரவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். கண்ணை மூடினான். பிள்ளையார் தெரிந்தார். "ஐ லவ் யூ டார்லிங்" என்றான்.

சங்கீதா இங்கிலீஷில் பதறினாள்: "சார், இது என் ஹஸ்பெண்ட் இல்லை. வேற யாரோ."

பெல்ட்டன் எழுதினார்.

"ஏ புள்ள, நாந்தேன்!" என்று கத்தினான் வைரவன்.

"மச்சானா? என்ன மச்சான் இது, கொரலே மாறிக் கெடக்கு. காய்ச்சலா? வெறும் வயித்துல போயிட்டியளா? எப்பப் பாத்தாலும் இப்பிடித்தேன். பையில பிஸ்கட்டு வச்சுக்கங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"பேச்ச நிப்பாட்டு புள்ள. ஆபீஸரு கேட்டுக்கிட்டுருக்காரு."

"கேக்கட்டும். ஏன் சார், அவுகளச் சாப்பிட விட்டீங்களா?"

ஜெயலட்சுமி குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். பெல்ட்டன் கவலையோடு தலையை ஆட்டினார். காதலைச் சொன்னபோது மனைவிக்குக் கணவரை அடையாளம் தெரியவில்லை. அடையாளம் தெரிந்தபோது அவள் காதலைச் சொல்லவில்லை, பிஸ்கட்டைப் பற்றிப் பேசினாள். அவர் போனை வைத்துவிட்டார்.

வைரவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சிறுத்துப்போனான். பாஸ்கர் எதிரில் சொன்னது வேறு. இந்தக் குங்குமம் வைத்த அம்மாவின் முன்னால், கண்ணை மூடிக்கொண்டு அதைக் கத்தியிருக்கிறான். அதுவும் வீணாகப் போயிருக்கிறது. ஆல்பத்தை மேஜையிலிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒரு வழி இருக்கிறது" என்றார் பெல்ட்டன். நிராகரிக்கப் போகிறவர்களிடம் அவருக்கு எப்போதும் கனிவு அதிகம். "அந்த மூன்றாம் நபர் தன் பங்கை விட்டுக் கொடுத்துவிட்டால், மூன்று முடிச்சும் உங்கள் கணக்கில் வரும். போனில் சொன்னால் போதும். பதிவு செய்துகொள்வோம். இது உங்களுக்கு நான் காட்டுகிற சலுகை."

நம்பரை வைரவனே சொன்னான்.

"அய்யா வணக்கம்!" என்று ஜோதிமணியின் குரல் அறையை நிறைத்தது. "நாந்தேன் ஜோதிமணி. வைரவனுக்கு அக்கா. சொல்லுங்கய்யா."

திருமணத்தில் முடிச்சுப் போட்டது நீங்கள்தானா என்று ஜெயலட்சுமி கேட்டார்.

"ஆமாங்கம்மா, ரெண்டாவதும் மூணாவதும் நான் போட்டது. நல்லா இறுக்கித்தேன் போட்டேன். தம்பி போட்ட மொத முடிச்சு தொளதொளன்னு கெடந்துச்சு. கை நடுங்கிருச்சு அதுக்கு. அதையும் சேத்து நாந்தேன் இறுக்குனேன்."

முதல் முடிச்சிலும் மூன்றாம் நபரின் தலையீடு இருந்தது என்று எழுதப்பட்டது. வைரவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எந்த அதிகாரத்தின் பேரில் போட்டீர்கள்?"

"என்னம்மா கேக்குறாக? நாத்தனா போடாம வேற யாரு போடுவா? நான் போகாமத்தேன் இருந்தேன். எந்தம்பிதேன் சபையில எந்திரிச்சு நின்னு, எங்கக்கா வந்தாத்தேன் ஆச்சுன்னுச்சு. அதையும் எழுதிக்கங்க."

அதை எழுதவில்லை. பெல்ட்டன் ஒரு தாளை நகர்த்தினார். அதில் இருந்த மூன்று வாக்கியங்களை ஜெயலட்சுமி தமிழில் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. இந்தத் திருமணத்தில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. நான் போட்ட முடிச்சுகளுக்கு எந்த அர்த்தமும் இல்லை. யாரும் அழைக்காமல் நானாக வந்து அவற்றைப் போட்டேன்.

இந்த மூன்றையும் திருப்பிச் சொல்லவேண்டும் என்று ஜோதிமணியிடம் சொல்லப்பட்டது.

போனில் எங்கோ ஒரு கோழி கத்தியது. "தம்பி அங்கன இருக்கா?" என்றாள் ஜோதிமணி.

"இருக்கேங்க்கா."

"இவுக சொல்றது எனக்கு வெளங்கல தம்பி. என்ன சொல்லணும்னு நீ சொல்லு. நான் சொல்றேன்."

ஜெயலட்சுமி சொன்னது ரேடியோவில் செய்தி வாசிப்பது போலத் தெளிவான தமிழ். அது விளங்காமல் இல்லை என்பது வைரவனுக்குத் தெரிந்தது. அவன் சொல்லிக் கேட்கவேண்டும் என்று அவள் நினைக்கிறாள். ஐந்து வருஷம் என்று நினைத்தான். சங்கீதாவின் பிஸ்கட்டை நினைத்தான். ஒரு நல்ல ஆம்பளையாக இருந்தால் இப்போதும் எழுந்து நின்றிருப்பான். பேண்ட்டைப் பிடித்துக்கொண்டாவது நின்றிருப்பான். அவன் எழவில்லை.

"எனக்கு இதுல ஒரு உரிமையும் கெடையாது. சொல்லுக்கா."

"எனக்கு இதுல ஒரு உரிமையும் கெடையாது."

"நான் போட்ட முடிச்சுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது."

"நான் போட்ட முடிச்சுக்கு... ஒரு அர்த்தமும் கெடையாது."

மூன்றாவது வாக்கியத்துக்கு வந்ததும் அவன் மடியில் இருந்த ஆல்பத்தைப் பார்த்தான். பெல்ட்டன் கடிகாரத்தைப் பார்த்தார், பேனாவால் மேஜையைத் தட்டினார். அடுத்த ஆளைக் கூப்பிட நேரமாகிவிட்டது.

"யாரும் கூப்புடல" என்றான் வைரவன். "நானா வந்து போட்டேன்."

"யாரும் கூப்புடல" என்றாள் ஜோதிமணி. "நானாத்தேன் வந்து போட்டேன்." பிறகு ஆபீஸரிடம் பேசுகிற மரியாதைக் குரலில் கேட்டாள்: "வேற ஏதும் அவுக்கணுமாய்யா?"

"கடைசியாக என்ன சொன்னார்?" என்றார் பெல்ட்டன்.

ஜெயலட்சுமி மூன்று வருஷமாக ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்து வருகிறவர். "வாழ்த்துச் சொன்னார்" என்றார்.

பெல்ட்டன் நெகிழ்ந்துபோனார். முத்திரையை எடுத்துக் குத்தினார். எழுந்து நின்று கை கொடுத்தார். "வாழ்த்துகள். இன்றிலிருந்து இது முழுக்க முழுக்க உங்கள் திருமணம். எங்கள் தேசத்தில் இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. என் சகோதரி என்னுடைய மூன்று திருமணங்களுக்கும் வரவே இல்லை. எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அப்படி ஒரு சுதந்திரம் உங்களுக்கும் கிடைக்கப் போகிறது."

வைரவன் நன்றி சொன்னான். அதற்காகவும் அவனுக்குப் பிறகு வெட்கமாக இருந்தது. கதவைத் தாண்டும்போது ஜெயலட்சுமியைப் பார்க்காமல் போனான். அவரும் அவனைப் பார்க்காமல் பேனாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

வெளியே நல்ல வெயில். பெல்ட்டை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தான். பாஸ்கரிடம் இருந்து என்னாச்சு என்று மெசேஜ் வந்திருந்தது. சங்கீதாவுக்குச் சொல்லவேண்டும் என்று போனைக் கையில் எடுத்தான். அப்போது ஜோதிமணியின் மிஸ்டு கால் வந்தது. எப்போதும் அவள் மிஸ்டு கால்தான் கொடுப்பாள், அவன்தான் திருப்பிக் கூப்பிடுவான். இன்றைக்குக் கூப்பிடக் கை வரவில்லை. ஒரு பஸ்ஸை விட்டான். பிறகு கூப்பிட்டான்.

"பாஸாயிருச்சா தம்பி?"

"ஆயிருச்சுக்கா."

"அப்பாடா. சங்கீதாட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"மொத அவளுக்குச் சொல்லுப்பா. பாவம், தவிச்சுக்கிட்டு இருக்கும்."

"அக்கா, அந்த ஆபீஸரு..."

"அட விடுப்பா. கவருமெண்டு காரியம். நாலும் கேக்கத்தேன் செய்வாக."

அவள் சாதாரணமாகப் பேசினாள். அது அவனுக்கு இன்னும் தாங்கமுடியவில்லை. ஒரே ஒரு விஷயத்தில் ஆறுதல் தேடினான். "பேசயில பக்கத்துல யாரும் இல்லையில்லக்கா?"

"பஞ்சவர்ணம் அத்தை இருந்துச்சு. மருமகனுக்கு இன்னைக்கு இன்டர்வியூன்னு சேதி கேக்க வந்துச்சு. தெருவுல இருந்து நாலு பேரு கூட வந்துருந்தாக. அபுதாபியில இருந்து ஆபீஸரு கல்யாணத்தப் பத்திக் கேக்குறாருன்னதும், எல்லாரும் கேக்கட்டும்னு நாந்தேன் ஸ்பீக்கர்ல போட்டேன்."

வைரவன் அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்தான். கல்யாணத்துக்குப் பிறகு இந்த மூன்று வருஷமாக பஞ்சவர்ணம் அத்தை ஜோதிமணியிடம் முகம் கொடுத்துப் பேசியது கிடையாது. கண்டபடி ஏசியிருப்பாள், நான் அன்றைக்கே சொன்னேனே என்று தெருவையே கூட்டியிருப்பாள். ஏசியிருக்கட்டும் என்று அவன் மனசார வேண்டினான். ஏச்சு என்றால் அக்கா பதிலுக்கு ஏசிவிடுவாள்.

"அத்தை என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல தம்பி. எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போயி, எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொண்டாந்து குடுத்துச்சு."

"குடிச்சியாக்கா?"

"இல்லப்பா" என்றாள் ஜோதிமணி. "கையிலதேன் வச்சுருக்கேன்."